ஆழ்கடலில் ஒரு சாட்சி

உலக வரைபடத்தில் பேர்த் நகரிலிருந்து தென்மேற்காக ஏறக்குறைய 4,000 கிலோமீற்றர் தூரம் விரலை நகர்த்திச் சென்றால், நீல நிறத்தின் நடுவே ஒரு சிறு புள்ளி தென்படும். அதுவே அவுஸ்திரேலியாவுக்குச் சொந்தமான ஹேர்ட் தீவு. அங்கே ஊர் இல்லை, துறைமுகம் இல்லை, மனிதர் எவரும் நிரந்தரமாக வாழ்வதுமில்லை. பனியால் மூடப்பட்ட எரிமலை ஒன்றும், பென்குவின்களும், சீல்களும், ஓயாத காற்றுமே அங்குள்ளன. அத்தீவைச் சூழ்ந்த கடலில் ஆண்டுதோறும் சில கப்பல்கள் மீன் பிடிக்கின்றன. அக்கப்பல்களில் மீனவர்களோடு, மீன் பிடிக்காத ஒருவரோ இருவரோ கூடச் செல்கின்றனர். அவர்கள் கையில் தூண்டில் இல்லை. எழுதுகோலும், அளவுகோலும், பதிவுத் தாள்களுமே உள்ளன. அவர்களைக் கடற்றொழில் அவதானிப்பாளர் என அழைப்பர்.

எதிர்காலத்தில் என்னவாக விரும்புகிறீர்கள் என வகுப்பில் கேட்டால், எமது மாணவர்களுட் பலர் மருத்துவர், பொறியியலாளர், கணக்காளர் என்னும் மூன்று சொற்களுக்குள் விடை கூறிவிடுகின்றனர். அவை சிறந்த தொழில்களே. எனினும் உலகில் வேறு பல தொழில்களும் உள்ளன என்பதை அவர்கள் அறிதல் நன்று. அவற்றுள் ஒன்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம். மீன் உண்ணும் எமது வீடுகள் அனைத்தோடும் தொடர்புடைய தொழில் இது.

அவதானம் என்னும் சொல்

அவதானம் என்றால் மனத்தை ஒரு பொருளின்மேல் சிதறாமல் நிறுத்துதல். எமது முன்னோர் அதனை ஒரு கலையாகவே வளர்த்தனர். ஒரே வேளையில் எட்டுச் செயல்களில் கவனம் செலுத்துவோர் அட்டாவதானி எனவும், நூறு செயல்களில் கவனம் செலுத்துவோர் சதாவதானி எனவும் பெயர் பெற்றனர். மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளை அவர்கள் அவ்வாறு சதாவதானி எனப் புகழ்பெற்றவர்.

ஆடும் கப்பலில், உறையும் குளிரில், தூண்டிலில் ஏறும் மீனையும், தவறி விழும் மீனையும், தலைக்கு மேலே பறக்கும் பறவையையும், கடிகாரத்தையும் ஒருங்கே கவனித்து எழுதும் ஒருவருக்கு அவதானிப்பாளர் என்ற பெயர் மிகப் பொருத்தமானது.

இவர் மீனவர் அல்லர். கப்பல் முதலாளியின் ஊழியரும் அல்லர். பொலிசாரும் அல்லர்; எவரையும் கைது செய்யும் அதிகாரம் இவருக்கில்லை. என்ன பிடிபட்டது, எவ்வளவு பிடிபட்டது, பிடிபடக்கூடாத எந்த உயிர் அகப்பட்டது என்பவற்றைப் பார்த்து எழுதிக் கரைக்குக் கொண்டு வருவதே இவரது கடமை. அவுஸ்திரேலியக் கடலில் இப்பணியை 1992 இல் உருவான அவுஸ்திரேலிய மீன்பிடி முகாமைத்துவ அதிகாரசபை நடத்தி வருகிறது. தென்முனைக் கடல் முழுவதற்கும் பொதுவாக, பல நாடுகள் சேர்ந்து 1982 இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின்கீழ் அமைத்த அந்தாட்டிக் கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்பு ஆணைக்குழு உள்ளது. அதன் தலைமையகம் தஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரில் இருக்கின்றது. அவ்வாணைக்குழு 1992 இல் தனது சர்வதேச விஞ்ஞான அவதானிப்புத் திட்டத்தை ஏற்றுக்கொண்டது.

கப்பலில் நடப்பது என்ன?

தென்கடலில் பெரும்பாலும் தேடப்படுவது பட்டகோனியன் டூத்ஃபிஷ் என்னும் மீன். அதனைப் பல்மீன் எனத் தமிழாக்கிக் கொள்வோம். ஆயிரம் மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் வாழும் இம்மீன், இரண்டு மீற்றர் நீளம்வரை வளரக்கூடியது. ஐம்பது ஆண்டுகள்வரையும் வாழக்கூடியது. மெதுவாக வளர்வதால், அளவுக்கு மீறிப் பிடித்தால் இக்குலம் மீண்டெழ நெடுங்காலம் செல்லும். சந்தையில் இதற்கு மிக உயர்ந்த விலை உண்டு. ஆகவே பிடிப்போர் பலர், காவலோ அரிது.

இதனைப் பிடிக்கும் முறையை எமது பெற்றோருட் கரையோர ஊர்களைச் சேர்ந்தோர் நன்கறிவர். அதுவே ஆயிரங்கால் தூண்டில். நீண்ட தாய்க்கயிறு ஒன்றில் கிளைக்கயிறுகள் கட்டி, ஒவ்வொன்றிலும் இரை கொளுவிக் கடலில் இறக்குவர். எமது ஊர்ப் படகுகளில் அது சிறிய அளவில் நடந்தது. தென்கடற் கப்பல்களில் தாய்க்கயிறு பல கிலோமீற்றர் நீளமானது, கொளுக்கிகள் ஆயிரக்கணக்கானவை. கயிறு கடலடியில் பல மணிநேரம் கிடந்தபின், இயந்திரத்தால் மேலே இழுக்கப்படும். இழுத்து முடிக்கவும் பல மணிநேரம் ஆகும்.

அவ்வேளையில் அவதானிப்பாளர் கயிறு மேலேறும் இடத்தருகே நின்று எண்ணுவார். பல்மீன் எத்தனை, திருக்கை எத்தனை, நண்டு எத்தனை, கடலடியிலிருந்து முறிந்து வந்த பவளம் எவ்வளவு என ஒவ்வொன்றும் பதியப்படும். பின்னர் சில மீன்களைத் தெரிந்தெடுத்து நீளமும் நிறையும் அளப்பார்; ஆணா பெண்ணா எனப் பார்ப்பார்; தலையைப் பிளந்து செவிக்கல்லை எடுப்பார். செவிக்கல் என்பது மீனின் உட்செவியிலுள்ள சிறு சுண்ணக்கல். மரத்தை அறுத்தால் வளையங்கள் தெரிவதுபோல் இக்கல்லிலும் வளையங்கள் உண்டு. அவற்றை நுணுக்குக்காட்டியில் எண்ணி மீனின் வயதை அறிவர். இன்னும் சில மீன்கள் உயிருடன் இலக்கத் தகடு குத்தப்பட்டு மீண்டும் கடலில் விடப்படும். அவ்வாறு ஹேர்ட் தீவருகே விடப்பட்ட மீன்கள் பல நூறு கிலோமீற்றர் தொலைவிலுள்ள வேறு தீவுகளருகே பிடிபட்டதுண்டு. ஒரு நாடு தனியே நின்று இம்மீனைக் காக்கவியலாது என்பதை அந்தச் சிறு தகடுகளே உணர்த்தின.

எல்லாக் கொளுக்கிகளையும் ஒருவர் எண்ண முடியுமா எனச் சிலர் கேட்கலாம். முடியாது. இங்கேதான் எமது பழமொழி ஒன்று துணைக்கு வருகிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். ஆயினும் எந்தச் சோற்றை எடுப்பது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. பானையின் மேலே கிடக்கும் சோற்றையே எப்போதும் எடுத்தால், அடியில் கரிந்ததை அறிய மாட்டோம். அதுபோல் வானிலை நன்றாக உள்ள வேளையில் மட்டும் எண்ணினால், அல்லது பெரிய மீனை மட்டும் அளந்தால், கணக்குப் பிழைத்துவிடும். எந்தக் கயிற்றை, கயிற்றின் எந்தப் பகுதியை எண்ணுவது என்பதை முன்கூட்டியே விதிப்படி குறித்துக்கொண்டு, தூக்கம் வந்தாலும் மழை பெய்தாலும் அந்தப் பகுதியையே எண்ணுதல் வேண்டும். புள்ளிவிபரவியலில் மாதிரியெடுத்தல் எனக் கற்பிக்கப்படும் பாடம் இதுவே.

அல்பட்ரோஸ் பறவையின் கதை

அவதானிப்பாளர் எழுதும் எண்களால் உண்மையில் ஏதேனும் பயன் விளைந்ததா? விளைந்தது. அதற்குத் தக்க சான்று அல்பட்ரோஸ் என்னும் கடற்பறவை.

அலையும் அல்பட்ரோஸ் எனப்படும் இனத்தின் விரிந்த சிறகுகள் மூன்றரை மீற்றர்வரை அகலமானவை. உயிர்வாழும் பறவைகள் எவற்றுக்கும் அதனிலும் நீண்ட சிறகு இல்லை. சிறகை அசைக்காமலே காற்றின்மேல் மணிக்கணக்காக மிதந்து செல்லும். இப்பறவை ஏறக்குறையப் பத்து வயதிலேதான் முதன்முதலாக முட்டையிடும். இடுவது ஒரே முட்டை. அதுவும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை. தாயும் தந்தையும் மாறிமாறிப் பதினொரு வாரங்கள் அளவில் அடைகாத்து, பின்னர் ஒன்பது மாதங்கள் அளவில் குஞ்சுக்கு இரை தேடிக் கொடுக்கும். இருவரில் ஒருவர் கடலில் இறந்தால், எஞ்சியவரால் குஞ்சைக் காப்பாற்ற இயலாது.

இப்பறவை கப்பலின் பின்னே வருவது இரைக்காக. கொளுக்கியில் கொளுவிய கணவாயும் சாளை மீனும் கடலில் விழுந்து அமிழுமுன் சில கணங்கள் மேற்பரப்பில் மிதக்கும். பறவை பாய்ந்து விழுங்கும். கொளுக்கி அலகில் ஏறும். கயிற்றோடு ஆழத்துக்கு இழுக்கப்பட்டு மூச்சடைத்து இறக்கும். பல மணிநேரத்தின்பின் கயிறு மேலேறும்போதே அதன் உடல் தெரியும். சில உடல்கள் கழன்று போய்விடும். அவை எவர் கணக்கிலும் வருவதில்லை.

1980களில் தென்கடலின் தீவுகளிலே அல்பட்ரோஸ் குறைந்து வருவதை விஞ்ஞானிகள் கண்டனர்; காரணம் தெளிவாகவில்லை. தஸ்மேனியாவைச் சேர்ந்த வனவிலங்கு அலுவலர் நைஜல் பிரதர்ஸ் என்பவர், சூரை மீன் பிடிக்கும் யப்பானியக் கப்பல்களில் ஏறிச் சென்று, கயிறு இறக்கும்போதும் ஏற்றும்போதும் பறவைகளை எண்ணினார். அந்த எண்ணிக்கையைக் கொண்டு, தென்கடலில் யப்பானிய ஆயிரங்கால் தூண்டில்களில் ஆண்டுக்கு ஏறக்குறைய 44,000 அல்பட்ரோஸ்கள் இறக்கின்றன என மதிப்பிட்டு 1991 இல் வெளியிட்டார். அவர் கண்டது இன்னுமொன்று: பறவைகள் கவர்ந்து செல்லும் இரையால் கப்பலுக்கும் பெரும் நட்டம். பறவையைக் காப்பது மீனவருக்கும் இலாபம் என்பதை இந்த இரண்டாவது கணக்குக் காட்டியது. வெறும் இரக்கத்தை வேண்டியிருந்தால் கேட்டிருக்கமாட்டாத பலர், இலாப நட்டத்தைக் கேட்டுச் செவிசாய்த்தனர்.

மாற்று வழியையும் கடலிலிருந்தே பெற்றனர். கப்பலின் பின்புறத்தில் உயரமான கம்பமொன்றிலிருந்து நீண்ட கயிற்றைக் கட்டி, அதில் வண்ண நாடாக்களைத் தொங்கவிட்டால், அவை காற்றில் ஆடிப் பறவைகளை வெருட்டும். வயலில் வெருளி நிறுத்துவது போன்ற இவ்வழியை யப்பானிய மீனவர்களே கண்டுபிடித்திருந்தனர். தோரி என்றால் யப்பானிய மொழியில் பறவை. ஆகவே இதற்குத் தோரிக் கயிறு என்று பெயர். அந்தாட்டிக் ஆணைக்குழு இதனை விதியாக்கியது. அக்கயிறு 150 மீற்றருக்குக் குறையாத நீளமுடையதாக இருத்தல் வேண்டும். இரை விரைந்து அமிழக் கயிற்றில் பாரம் கட்டுதல், இரவிலே கயிறு இறக்குதல், இறக்கும்போது மீன்கழிவைக் கடலில் கொட்டாதிருத்தல் என்பனவும் விதிகளாயின.

ஆயினும் அவதானிப்பாளரின் பதிவுகள் ஒரு குறையைக் காட்டின. அல்பட்ரோஸ் பகலில் இரை தேடும் பறவை. இரவு விதி அதற்குப் போதுமானது. வெண்தாடைப் பெற்றெல் என்னும் இன்னொரு பறவையோ இரவிலும் இரை தேடும். எனவே பறவைகள் குஞ்சு வளர்க்கும் கோடைகாலத்தைத் தவிர்த்துக் குளிர்காலத்தில் மட்டும் மீன்பிடிக்க வேண்டும் என விதி மாற்றப்பட்டது. தென் ஜோர்ஜியாத் தீவைச் சூழ்ந்த கடலில் 1997 இல் ஐயாயிரத்தைத் தாண்டியிருந்த பறவை இறப்பு மதிப்பீடு, மறு ஆண்டிலேயே ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. 2000 ஆம் ஆண்டின்பின் ஆண்டுக்குச் சில பத்துகளுக்குள் அடங்கியது. மீன்பிடி நிற்கவில்லை, மீனவர் வேலை இழக்கவில்லை. எண்ணினார்கள், காரணத்தைக் கண்டார்கள், முறையை மாற்றினார்கள், மீண்டும் எண்ணிப் பார்த்தார்கள்.

உலகின் மற்றக் கடல்களில் இவ்வெற்றி முழுமையாகக் கிட்டவில்லை. பெருங்கடலின் நடுவே பல நாட்டுச் சூரைக் கப்பல்களில் அவதானிப்பாளர் ஏறுவது இன்றும் குறைவு. அங்கே இறக்கும் பறவைகளின் தொகையை எவரும் திடமாகக் கூற முடிவதில்லை.

தனிமையும் நேர்மையும்

இத்தொழிலின் கடினம் குளிரிலும் கடல் நோயிலும் மட்டும் இல்லை. ஒரு பயணம் இரண்டு மூன்று மாதங்கள் நீடிக்கலாம். அவதானிப்பாளர் தாம் எவரைக் கவனித்து எழுதுகிறாரோ அவர்களோடேயே உண்டு, உறங்கி, புயலில் அவர்கள் கையையே நம்பி வாழ வேண்டும். அவர்கள் நல்லவர்கள், கடலில் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தந்தையர். அவர் எழுதும் ஒரு வரியால் அவர்களின் வருமானம் குறையவும் கூடும். பகைமையும் பாராட்டாமல், நட்புக்காக ஒரு பறவையைக் குறைத்தும் எழுதாமல் இருப்பது எளிதன்று. நடுவுநிலைமை என வகுப்பில் நாம் கற்பிக்கும் சொல்லுக்கு இதனிலும் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது.

ஆபத்தும் உண்டு என்பதைப் பெற்றோரிடம் மறைக்க விரும்பவில்லை. 2015 இல் அமெரிக்க அவதானிப்பாளர் ஒருவர் பசிபிக் கடலிலே கப்பலிலிருந்து காணாமற்போனார். அவரது உடல் கிடைக்கவேயில்லை. 2020 மார்ச்சில் கிரிபாட்டி நாட்டவரான அவதானிப்பாளர் ஒருவர் சூரைக் கப்பலொன்றில் தமது அறையில் இறந்து காணப்பட்டார். மேற்கு, மத்திய பசிபிக் நாடுகளின் மீன்பிடி ஆணைக்குழு, அவதானிப்பாளர் காணாமற்போனால் கப்பல் உடனே மீன்பிடியை நிறுத்தித் தேட வேண்டும் என 2016 இல் விதித்தது. அவ்விதி ஏட்டில் மட்டும் நின்றுவிடாமல் கடலிலும் நிலைக்க வேண்டும் என்பதே அவதானிப்பாளரின் குடும்பங்களது கோரிக்கை.

இயந்திரக் கண்

மனிதரை அனுப்பாமல் ஒளிப்படக் கருவியைப் பொருத்தினால் என்ன என்னும் வினா எழுவது இயல்பே. அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரைச் சூரைப் படகுகளில் 2015 ஜூலை முதல் அவ்வாறு கருவிகள் கட்டாயமாக்கப்பட்டன. படகோட்டி தாமே பதிவேட்டை எழுதுவார்; கரையிலுள்ளோர் படத்தின் ஒரு பகுதியைப் பார்த்து அதனோடு ஒப்பிடுவர். எந்தப் பகுதியைப் பார்ப்பர் என்பது படகோட்டிக்குத் தெரியாது. கருவி வந்தபின் பதிவேடுகளில் கடற்பறவை, ஆமை முதலியன அகப்பட்ட செய்திகள் முன்னிலும் அதிகமாகக் காணப்பட்டன. அவை திடீரென அதிகமாக அகப்பட்டன எனக் கொள்ள வேண்டியதில்லை. முன்னர் எழுதப்படாமற் போனவை இப்போது எழுதப்பட்டன.

கருவிக்கு உறக்கமில்லை, அச்சமுமில்லை. ஆனால் அது செவிக்கல்லை எடுக்காது, தகடு குத்தாது. "இன்று பறவைகள் ஏன் வேறு பக்கமாக வருகின்றன?" என வியந்து கேட்கவும் மாட்டாது. ஆகவே இரண்டும் தேவை.

எண்ணப்படாதவை

மீனையும் பறவையையும் எண்ணுவதற்கு இவ்வளவு பணமும் பாடும் வேண்டுமா எனப் பெற்றோர் சிலர் நினைக்கக்கூடும். அதற்கு எமது வாழ்விலிருந்தே விடை கூறலாம்.

நாம் தாயகத்தில் ஆசிரியராகப் பணியாற்றிய இறுதிக் காலத்தில், இடம்பெயர்ந்தோர் தங்கிய இடமொன்றில் மரநிழலிலே பாடசாலை நடந்தது. கரும்பலகை இல்லை, கதிரை இல்லை, வரவு இடாப்பு மட்டும் இருந்தது. ஒவ்வொரு காலையிலும் பெயர்களை வாசித்தோம். சில பெயர்களுக்கு விடை வரவில்லை. அப்பெயர்களை வெட்டிவிடாமல், 'வரவில்லை' எனத் திகதியிட்டுக் குறித்து வந்தோம். அடுத்தடுத்த இடப்பெயர்வுகளில் அந்த இடாப்பும் தொலைந்தது. பின்னாளில், அங்கே எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள் என வினவப்பட்டபோது, ஒவ்வொருவரும் ஒவ்வோர் எண்ணைக் கூறினர். சிலர், அங்கே எவருமே இருக்கவில்லை என்றும் கூறினர்.

பறவையையும் பிள்ளையையும் ஒப்பிடுவதற்காக இதனை எழுதவில்லை. கண்டவர் கண்டதைக் கண்டபடியே எழுதி, அந்தத் தாள் பத்திரமாக ஒரு கைக்குச் சேர்ந்தாலன்றி, நடந்ததும் நடக்காததாகிவிடும் என்பதை நாம் அறிவோம். அவுஸ்திரேலியாவில் வளரும் எமது பிள்ளைகள் அதனை ஏட்டில் படித்தேனும் அறிந்திருக்க வேண்டும்.

இத்தொழிலை நாடுவோருக்கு

உயிரியல், கடலியல், சூழலியல் போன்ற துறைகளில் பட்டம் பெற்றோரையே பல நாடுகள் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கின்றன. கடலில் நீண்டகால அனுபவம் உடையோருக்கும் சில இடங்களில் வாய்ப்புண்டு. பசிபிக் தீவுகளில் கிரிபாட்டி, பப்புவா நியூகினி, சொலமன், பீஜி முதலிய நாட்டு இளைஞர் நூற்றுக்கணக்கானோர் இத்தொழிலில் உள்ளனர். பெண்களும் பலர் உள்ளனர். தெரிவானபின் மீனினங்களையும் பறவையினங்களையும் அடையாளம் காணல், மாதிரியெடுத்தல், குளிர்நீரில் உயிர் தப்பல், தீயணைத்தல், முதலுதவி ஆகியவற்றில் பயிற்சி உண்டு. அலாஸ்காக் கடலுக்குச் செல்வோருக்கு இப்பயிற்சி மூன்று வாரங்கள் நடைபெறுகிறது.

இப்போது பாடசாலையிற் படிப்போர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. வீட்டு முற்றத்துக்கு வரும் பறவைகளை ஒரு மாதம், நாள்தோறும் ஒரே நேரத்தில், பத்து நிமிடம் எண்ணுங்கள். இனம், தொகை, நேரம், வானிலை ஆகியவற்றைக் கொப்பியில் எழுதுங்கள். ஒரு பறவையும் வராத நாளில் பூச்சியம் என எழுதுங்கள். அந்தப் பூச்சியமும் ஒரு செய்தியே. மறந்துபோன நாளில் ஊகித்து எழுதாமல் இடத்தை வெறுமையாக விடுங்கள். பூச்சியத்துக்கும் வெறுமைக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தவர் அவதானத்தின் முதற் படியில் ஏறிவிட்டார்.

பறவைகளின் பெயர்களைத் தமிழிலும் எழுதப் பழகுங்கள். தெரியாத பெயரை அப்பாவிடமோ அம்மம்மாவிடமோ கேளுங்கள். அவர்களுக்கும் தெரியாவிட்டால் சனிக்கிழமை வகுப்புக்குக் கொப்பியோடு வாருங்கள்; சேர்ந்து தேடுவோம்.